அந்த முறைப்பு எத்தனை மணிக்கு எடுத்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் உங்கள் சின்னத்திரைப் பக்கத்தில் பிக் பாஸ் வீட்டுச் சண்டை ஒன்றைப் பற்றி, அதில் ஒரு பெண் முறைத்ததை அப்படியே நடந்ததாக எழுதி, அரைப் பக்கம் வந்திருந்தது. எழுதியவர் புரொமோவை மட்டும்தான் பார்த்திருக்கிறார், ராத்திரி வந்த எபிசோடைப் பார்க்கவில்லை என்பது படித்தவுடனே தெரிந்துவிட்டது.

நான் இருபது வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். மாப்பிள்ளை தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் சித்தப்பா குனிந்து போனை நோண்டிக்கொண்டிருப்பார், அதை அப்படியே விட்டால் வம்பு, அதனால் மாப்பிள்ளை அழைப்பில் யாரோ அடித்த ஜோக்குக்கு அவர் கண் கலங்கச் சிரித்த குளோசப்பை எடுத்துக் கெட்டிமேளத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவேன். ஆனந்தக் கண்ணீர் என்று குடும்பமே உருகும். இதையே திருப்பிப் போட்டால் வில்லன் ரெடி. தூக்கக் கலக்கத்தில் ஒருவர் சும்மா முறைத்ததை, சாயங்காலம் இன்னொருத்தர் அழும் காட்சிக்கு நடுவே செருகி அடியில் ஒரு 'டொம்' போட்டால் போதும். அவர் வாயே திறக்க வேண்டாம்.

வெட்டுவதே தப்பு என்று சொல்லவில்லை. இருபத்துநாலு மணி நேரத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கித்தான் ஆக வேண்டும், வெங்காயம் நறுக்குவதையெல்லாம் யார் பார்ப்பது? ஆனால் எதை விட்டோம் என்பது பார்க்கிறவனுக்குத் தெரியாது. 2017இல், முதல் சீசனில், போட்டியாளர் ஜூலி சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை, நிகழ்ச்சியை நடத்திய கமல் 'குறும்படம்' என்று வீட்டுக் கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினாரே, அன்றைக்கு நானும் கைதட்டினேன். அப்புறம் யோசித்தால், அந்தக் குறும்படமும் யாரோ உட்கார்ந்து வெட்டி ஒட்டியதுதானே! 2022இல் ஆறாவது சீசனை ஹாட்ஸ்டாரில் நாள் முழுக்க நேரலையாக விட்டார்கள். எபிசோடில் வந்த சண்டைக்கு முன்னாடி என்ன பேசினார்கள் என்பதை ரசிகர்கள் ஒப்பிட்டுப் பார்க்க அதனால்தான் முடிந்தது. அதிலும் எந்தக் கேமராவைக் காட்டுவது என்று தீர்மானிக்க ஓர் ஆள் இருக்கிறார், அது வேறு கதை.

சில இடங்களில் எனக்குச் சந்தேகம் வரும். பேசுகிறவரின் முகம் தெரியாமல் முதுகு மட்டும் தெரிந்து குரல் கேட்டால், அந்த வாக்கியம் வேறு எங்கிருந்தாவது வந்திருக்கலாம். ஒரே சண்டையில் ஒரு ஷாட்டில் தலை ஈரமாகவும் அடுத்த ஷாட்டில் காய்ந்தும் இருந்தால் கேட்கவே வேண்டாம். புரொமோவில் இது இன்னும் மோசம், கேள்வி ஒரு இடத்தில் இருக்கும், பதில் இன்னொரு இடத்தில்.

ஆகவே உங்களிடம் கேட்பது ஒன்றுதான். புரொமோவை வைத்து எழுதினால் 'புரொமோவில் இப்படிக் காட்டினார்கள்' என்று போடுங்கள், 'நடந்தது' என்று போடாதீர்கள். எங்கள் அம்மா உங்கள் பத்திரிகையைப் படித்துவிட்டுத்தான் ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து அந்தப் பெண்ணைத் திட்டுகிறார். "அம்மா, அந்தப் பொண்ணோட தோட்டைப் பார், ரெண்டு ஷாட்டிலும் வேற வேற" என்றால், என்னைத் திட்டுகிறார்.

இப்படிக்கு,
ஒரு கல்யாண வீடியோ எடிட்டர்,
தாராபுரம்