பள்ளித் தோட்டமும் பிள்ளைகளின் சாப்பாடும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மைதானத்துக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் இடத்தில் இந்தப் பருவத்தில் ஒரு காய்கறித் தோட்டம் போடப் போகிறோம். பிள்ளைகளோடு பெற்றோர்களும் அக்கம்பக்கத்தினரும் சேர்ந்து பாத்தி பிரித்துப் பயிர் செய்யும் சமூகத் தோட்டமாக அது இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை மாதம் ஒருமுறை உழவர் சந்தைக்கு அழைத்துப் போகவும் திட்டமிட்டிருக்கிறோம். படிக்கிற நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, அதனால்தான் இந்தக் கடிதம்.

மதிய இடைவேளையில் பிள்ளைகள் சாப்பிடும் இடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாலே விஷயம் புரிந்துவிடும். டப்பாவில் மற்றதெல்லாம் காலியாகியிருக்கும், காய் மட்டும் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். நீங்கள் காலையில் அவசர அவசரமாக நறுக்கிச் சமைத்தது அப்படியே வீடு திரும்புகிறது. ஆறு முதல் ஒன்பது வயதுவரை உள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 350 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும், பத்து வயதிலிருந்து 400 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நான் பார்க்கும் டப்பாக்களை வைத்துச் சொன்னால், நாம் அதற்கு வெகு தொலைவில் இருக்கிறோம்.

பக்கத்தில் ஒரு சந்தை திறந்துவிட்டால் போதும், எல்லோரும் காய்கறிக்கு மாறிவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஏற்கெனவே காய்கறி பிடித்தவர்கள்தான் அங்கே முதலில் போவார்கள். காசும் நேரமும் இல்லாத குடும்பத்துக்கு அடுத்த தெருவில் இருக்கும் சந்தையும் தூரம்தான். அந்தத் தடையைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதை லாஸ் ஏஞ்சல்ஸில் பார்த்திருக்கிறார்கள். குறைந்த வருமானமுள்ள, புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு வாரம் 10 டாலர் கூப்பன், ஆறு மாதத்துக்கு. ஒரு பகுதியினர் அதை உழவர் சந்தையில் செலவழிக்கலாம், இன்னொரு பகுதியினர் சூப்பர் மார்க்கெட்டில். இரண்டு தரப்பிலும் காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது. சந்தைக்குப் போனவர்களிடம் இன்னும் அதிகமாகவே கூடியது. கூப்பன் நின்று ஆறு மாதம் கழித்தும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. 2008-இல் வெளியான ஆய்வு இது.

சந்தைக் காயில் ருசி கூடுதல் என்று சொல்வது வெறும் பேச்சு அல்ல. பச்சைப் பட்டாணியைப் பறித்த சில மணி நேரத்திலேயே அதிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடுகிறது. தொலைதூரம் போகவேண்டிய தக்காளியைப் பெரும்பாலும் காயாகவே பறித்து, வழியில் பழுக்க வைக்கிறார்கள். அப்படி வந்த ஒன்றைக் கடித்துவிட்டு 'எனக்குப் பிடிக்கல' என்று ஒரு பிள்ளை சொன்னால் அதில் அந்தப் பிள்ளையின் தப்பு எதுவும் இல்லை. இதற்காக உறைய வைத்த காய்கறியை யாரும் ஒதுக்க வேண்டாம். பறித்தவுடன் உறைய வைப்பதால் அதில் சத்து நன்றாகவே தங்குகிறது. சந்தைக்குப் போக முடியாத வாரத்தில் அது நல்ல துணை.

தோட்டத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் டென்வர் நகரில் 2017 முதல் 2019 வரை, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் தோட்ட வேலை செய்யாத 291 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சமூகத் தோட்டத்தில் இடம் கொடுத்தார்கள். மறு பாதியினர் ஓராண்டு காத்திருந்தார்கள். தோட்டம் கிடைத்தவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 1.4 கிராம் நார்ச்சத்து கூடுதலாகச் சாப்பிட்டார்கள், உடல் உழைப்பும் கூடியது. 1.4 கிராம் சின்னதாகத் தெரியலாம். யாரும் உணவுப் பட்டியல் போட்டுக் கட்டாயப்படுத்தாமல் தானாக வந்த மாற்றம் என்பதால் நான் அதைப் பெரிதாகவே மதிக்கிறேன்.

ஆனால் பள்ளியில் தோட்டம் போட்டாலே போதுமா? போதாது. லண்டன் பள்ளிகளில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தோட்டத் திட்டம் நடந்த பள்ளிகளை மொத்தமாகப் பார்த்தபோது சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. தோட்ட வேலையைப் பாடத்தோடும் அன்றாடத்தோடும் நன்றாகச் சேர்த்துக்கொண்ட பள்ளிகளில்தான் பிள்ளைகள் காயும் பழமும் நாளொன்றுக்குச் சுமார் 80 கிராம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். டெக்ஸாஸில் 16 தொடக்கப் பள்ளிகளில் நடந்த இன்னொரு திட்டத்தில் தோட்டம், சமையல், சத்துணவு மூன்றையும் ஒரே வகுப்பாகச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் ஒரு வகுப்பு பெற்றோருக்கும் இருந்தது. அங்கே பிள்ளைகள் காய்கறி சாப்பிடும் தடவை கூடியது. அப்படிப் பெற்றோரும் சேர்ந்துகொள்ளாவிட்டால் நம் திட்டமும் பாதியில் நின்றுவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

சென்ற ஆண்டு தொட்டியில் முள்ளங்கி விதைத்துப் பார்த்தோம். சுமார் ஒரு மாதத்தில் பறிக்கலாம், அதனால் பிள்ளைகளுக்குப் பொறுமை போகாது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இலையைப் பிடித்து இழுத்தான், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்ததும் மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்துவிட்டான். கழுவிக் கடித்தான். 'ஐயோ, காரம்!' என்று முகத்தைச் சுளித்தான், மீதியைத் துப்பவில்லை. மறு வாரம் அவனாகவே கேட்டு வாங்கித் தின்றான். புதிய காய் ஒன்று ஒரு பிள்ளைக்குப் பிடித்துப் போக எட்டு, பத்து தடவை சுவைக்க வேண்டியிருக்கலாம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது தடவையே நாம் கைவிட்டுவிடுகிறோம். தோட்டத்தில் அந்தத் தடவைகள் விளையாட்டுப் போலவே கடந்துவிடுகின்றன.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். வாரம் ஒரு காயை உங்கள் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், சந்தையோ கடையோ எங்கே வாங்கினாலும் சரி. கழுவவும் உரிக்கவும் விடுங்கள். சாப்பிடாவிட்டால் திட்ட வேண்டாம், 'இதைத் தின்றால் இனிப்பு தருகிறேன்' என்று பேரமும் வேண்டாம். அடுத்த வாரம் மறுபடி தட்டில் ஒரு துண்டு வையுங்கள். அப்புறம், மாதம் ஒரு சனிக்கிழமை காலை தோட்டத்துக்கு வந்து உங்கள் பிள்ளையோடு வேலை செய்யுங்கள். தாத்தா, பாட்டி வந்தால் இன்னும் நல்லது.

விதைப்பதற்கு முன் மண்ணில் நச்சு உலோகமான ஈயம் (lead) இருக்கிறதா என்று பரிசோதிக்கிறோம். அளவு மீறியிருந்தால் வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து உயர்த்திய பாத்திகளில் பயிரிடுவோம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே வகுப்புக்குள் வர விடுவோம். உங்கள் பிள்ளைக்கு ஏதாவது காய், பழம் ஒத்துக்கொள்ளாது என்றாலோ, பூச்சிக்கடி ஒவ்வாமை இருந்தாலோ, இணைத்துள்ள படிவத்தில் எழுதி இந்த வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். எந்தச் சனிக்கிழமை வர முடியும் என்பதையும் அதிலேயே குறியுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்