மேல்கணக்கு லயத்துக் கூரை: தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய துரை அவர்களுக்கும் கம்பனிக்காரர்களுக்கும் வணக்கம்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கூரை ஒழுகுவதைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று கடிதம் கொடுத்தாயிற்று. மூன்றையும் வாங்கிக்கொண்டதற்கு ஆபீஸ் கையெழுத்தும் இருக்கிறது. இந்த நான்காவதை எல்லோருமே படிக்கட்டும்.

போன ஞாயிறு அப்பாவின் முதலாம் வருடத் திவசம். படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமென்று அவர் கையால் செய்த ஹரிக்கேனை, அதாவது வெள்ளைக்காரனின் பழைய சண்டை விமானத்தின் மாதிரியை, எடுக்கப் பெட்டியைத் திறந்தோம்.

அப்பா தேயிலை ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் உழைத்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். பழைய சண்டை விமானங்கள் மேல் அவருக்கிருந்த பைத்தியமும் தெரிந்திருக்கும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டபோது தாத்தா அங்கே ஒரு வீட்டில் வேலைக்கு நின்றார். அவர் சொன்ன கதையில் பிடித்த பைத்தியம் அது. முதல் நாளே கொக்கலையிலிருந்து கட்டலினா என்ற கடல் விமானத்தில் போய், ஜப்பான் கப்பல்களைக் கண்டு, சுடப்பட்டு விழுமுன் செய்தி அனுப்பிய பர்ச்சால் என்ற கனடாக்காரரைப் பற்றி அப்பா பேசினால், சொந்த மச்சானைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும்.

அந்த ஹரிக்கேனைத் தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்தார். பெட்டிக்குள் இருந்த ஈயத்தாள்தான் முன்பக்கத் தகடு. பின்பாதிக்கு மட்டும் தன் பழைய சாரத்தைக் கிழித்துக் கோதுமை மாப் பசையில் ஒட்டினார். "நெசமான ஹரிக்கேனுக்கும் பின்னால துணிதான். ஓட்டை விழுந்தா ஒட்டுப் போட்டுட்டு மறுபடி பறக்கலாம்" என்பார். குப்பி லாம்பு வெளிச்சத்தில் ஏழு மாத வேலை.

பெட்டியைத் திறந்தால், பலகை அடுக்கடுக்காகப் பிரிந்து கிடக்கிறது. சாரத் துணியில் கறுப்புப் பூஞ்சணம். பத்திரிகைப் படங்கள் ஒட்டிய ஒன்பது கொப்பிகளும் ஒரே கட்டி. படத்து ஹரிக்கேனும் ஜப்பான்காரனின் சீரோ விமானமும் ஒன்றோடொன்று ஒட்டிச் சமாதானமாகிவிட்டன.

நனையும் இடத்தில் ஏன் வைத்தீர்கள் என்று கேட்பீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் நனையாத மூலை ஒன்றுதான். அதில் அம்மா படுக்கிறார்.

தகரத்தை மாற்றித் தாருங்கள்.

"மேலே நாலு கல்லைத் தூக்கி வைங்க" என்றார் பார்க்க வந்த ஐயா. ஏற்கெனவே பதினேழு கல் இருக்கிறது, ஐயா. கல் காற்றுக்கு, ஓட்டைக்கு அல்ல. மலையகத்துக்கு இருநூறு வருடம் என்று 2023இல் எத்தனை மேடை, எத்தனை மாலை! உல்லாசப் பயணிகள் தங்குகிற பழைய பங்களாவுக்கு ஒரே கிழமையில் ஓடு மாற்றினீர்கள். அவர்களுக்குச் சளி பிடித்துவிடக் கூடாதுதான். சரி, அதை விடுங்கள். கேட்க வந்தது தகரம்.

ரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்கு அப்பா ஒரே ஒரு தடவை போனார். திரும்பி வந்து, இஸ்தோப்பில் செருப்பைக் கழற்றுமுன்பே சொன்னார்: "பறக்காத பிளேனுக்கு எவ்வளவு நல்ல கூரை போட்டு வச்சிருக்கானுங்க!" அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

வைகாசி மழைக்கு முன் எட்டுக் காம்பராவுக்கும் தகரம் மாற்றித் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தகரத்தை இறக்கித் தந்தால் போதும். ஏறி ஆணி அடிக்க லயத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மேல்கணக்கு லயத்திலிருந்து அவர் மகள்