அவுஸ்லேண்டர் ஆபீஸ்காரங்களே, என் ஃபைலை ஒரு தடவை திறந்து பாருங்க

ஜெர்மனியில வெளிநாட்டுக்காரங்களுக்கு பெர்மிட் குடுக்கிற அவுஸ்லேண்டர் ஆபீஸின் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

இதையே ஜெர்மன்ல நாலு தடவை எழுதி அனுப்பியாச்சு, நாலுக்கும் ஒரே ஆட்டோமேட்டிக் பதில்தான், நிலவரம் கேட்டு மெயில் போட்டா வேலை இன்னும் லேட்டாகுமாம். சரி, தமிழ்ல எழுதினா யாரு வேலையும் கெடாதுல்ல, அதான் இந்த மடல்.

என் கதை உங்களுக்குத் தெரியும், எல்லா பேப்பரும் உங்ககிட்டதான் கிடக்கு. மதுரையில 6 வருஷம் ஐசியூ நர்ஸ், பி2 லெவல் வரைக்கும் ஜெர்மன் பாஸ், இங்க வந்து முதியோர் இல்லத்துல உதவியாளா வேலை பாத்துக்கிட்டே நர்ஸிங் தகுதித் தேர்வு எழுதி அதுலயும் பாஸ். மே மாசம் உர்குண்டே, அதான் நான் நர்ஸுன்னு சொல்ற சான்றிதழ், கைக்கு வந்துச்சு, அந்த வாரமே நர்ஸா வேலை பாக்குற மாதிரி பெர்மிட்டை மாத்திக் குடுங்கன்னு அப்ளிகேஷன் போட்டேன். இப்ப நவம்பர். நடுவுல கார்டு தேதி முடிஞ்சதும் ஒரு இடைக்காலப் பேப்பர் குடுத்தீங்க, அதுக்கு நன்றி, ஆனா அது பழைய பெர்மிட்டைத்தான் நீட்டுது, பழைய பெர்மிட்ல உதவியாளா மட்டும்தான் வேலை பாக்கலாம்னு இருக்கு. அதாவது ஒரு ஆபீஸ் நான் நர்ஸுதான்னு சீல் குத்திக் குடுத்திருச்சு, அடுத்த ஆபீஸ் இல்லைங்குது.

போன வாரம் நைட் டியூட்டி. என் மாடியில ஒரு பாட்டி, 90 தாண்டிருச்சு, எலும்புல கேன்சர். ராத்திரி மூணு மணிக்கு பெல் அடிச்சாங்க. வலி தாங்கலைன்னா மார்ஃபின் குடுக்கலாம்னு டாக்டர் எழுதி வச்சிருக்காரு, ஆனா அந்த அலமாரி சாவி நர்ஸ்கிட்ட மட்டும்தான் இருக்கும். அன்னிக்கு மொத்த இல்லத்துக்கும் ஒரே நர்ஸ், அவங்க மேல் மாடியில கீழ விழுந்து மண்டை உடைஞ்ச ஒரு தாத்தாவோட, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நகர முடியாது. 25 நிமிஷம். பாட்டி என் கையை நகம் பதியுற அளவுக்குப் பிடிச்சுக்கிட்டு "ஷ்வெஸ்டர், ஏதாவது குடும்மா"ன்னு கெஞ்சுறாங்க (ஷ்வெஸ்டர்னா நர்ஸு), நான் தலையணையை இப்படியும் அப்படியும் திருப்பி வைக்கிறேன், வேற என்ன பண்ண? ஐசியூல இந்த மருந்தைக் கணக்கில்லாம கையாண்டவ நான். என் உர்குண்டே அப்ப கீழ லாக்கர்ல, பிளாஸ்டிக் கவருக்குள்ள. நான் நர்ஸுன்னு பாட்டிக்குப் புரியுது.

அதனாலதான் கேக்குறேன், என் ஃபைலைத் திறங்க.

காசு கணக்கு பேச எனக்கு இஷ்டமில்ல, ஆனாலும் சொல்லிடுறேன். 2025 ஜூலைல முதியோர் இல்லத்துல உதவியாளுக்கு குறைஞ்சபட்சம் மணிக்கு 16.10 யூரோ, படிச்ச நர்ஸுக்கு 20.50ன்னு ஆக்கினாங்க. இந்த ஆறு மாசத்துல எவ்வளவு போச்சுன்னு நீங்களே போட்டுப் பாத்துக்கோங்க, ஊர்ல லோன் கட்டுற எங்கப்பா ஏற்கனவே போட்டுப் பாத்துட்டாரு.

இதுல பெரிய காமெடி என்னன்னா, 2024 அக்டோபர்ல டெல்லியில வச்சு, திறமையான இந்தியர்களுக்கான ஜெர்மன் விசாவை வருஷத்துக்கு 20,000ல இருந்து 90,000 ஆக்கப்போறதா அறிவிச்சாங்க. வாங்க வாங்கன்னு வாசல்ல கோலம் போட்டுட்டு உள்ள வந்தவங்களுக்கு இலை போட ஆள் இல்லைன்னா எப்படிங்க? ஆள் பத்தலன்னு நீங்க சொல்றது எனக்கும் புரியுது, எங்க இல்லத்துலயும் ஆள் பத்தலதான், ஆனா பாட்டி பெல் அடிச்சா "பெல் அடிச்சா இன்னும் லேட்டாகும்"னு நாங்க சொல்றதில்ல.

மன்னிக்கணும், கொஞ்சம் கோவம் வந்துருச்சு. பி2 பரீட்சைக்கு மரியாதையா கோரிக்கை வைக்கிறது எப்படின்னு தனியா ஒரு பாடமே நடத்தினாங்க, அதுல எனக்கு நல்ல மார்க், அதனால மறுபடியும் மரியாதையாவே கேக்குறேன். தயவுசெஞ்சு என் ஃபைலைத் திறந்து பாருங்க. புது கார்டு அச்சாகி வர வாரக்கணக்கா ஆகும்னு தெரியும், அதுவரைக்கும் நர்ஸா வேலை பாக்கலாம்னு அந்த இடைக்காலப் பேப்பர்ல ஒரு வரி எழுதிக் குடுத்தாக்கூட போதும். ஏதாவது பேப்பர் குறையுதுன்னா அதையாவது சொல்லுங்க, அன்னிக்கே கொண்டு வந்து தர்றேன்.

இந்த வாரம் பூரா எனக்கு நைட்தான். காலைல ஏழு மணிக்கு மேல எப்ப கூப்பிட்டாலும் எடுப்பேன், தூங்கிட்டு இருந்தாலும் பரவாயில்ல.

இப்படிக்கு,
உங்க பேப்பர்படி இன்னும் உதவியாளா இருக்கிற ஒரு நர்ஸ்