பதினோரு மாதமாகத் தீராத மின்கோளாறு: இதுவே கடைசிக் கடிதம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்கள்

பொருள்: எஸ்யூவியின் பேட்டரி தானாக இறங்குவதும், உங்கள் மதுரை சர்வீஸ் சென்டர் என்னை நடத்திய விதமும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வண்டியின் சேஸிஸ் எண், ஐந்து ஜாப் கார்டுகளின் நகல், போட்டோக்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். வண்டி நீங்கள் செய்தது, வயரிங் வரைபடமும் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால் எந்த மாட்யூல் (எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி) எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

வண்டியை மூன்று நாள் எடுக்காமல் விட்டால் ஸ்டார்ட் ஆவதில்லை. பதினோரு மாதமாக நான் சொல்வது இந்த ஒன்றைத்தான். இதற்காகத் திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு ஐந்து முறை வந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் போக வர 320 கிலோமீட்டர். இரண்டு முறை பேட்டரி மாற்றினீர்கள், இரண்டாவது முறை 42,000 ரூபாய் பில் போட்டீர்கள். புது பேட்டரி போட்டால் அதை வண்டியின் கணினியில் பதிவு செய்ய வேண்டுமே, செய்தீர்களா என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நான்காவது முறை வந்ததை என்னால் மறக்க முடியவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச்சொல்லி நீங்களே மெசேஜ் அனுப்பினீர்கள். மண்டியை அடைத்துவிட்டு விடியற்காலையிலேயே கிளம்பினேன். கயத்தாறு தாண்டியதும் ஸ்கிரீன் மொத்தமாக அணைந்தது. வந்து சேர்ந்தால், எலக்ட்ரிக்கல் பார்க்கிறவர் பயிற்சிக்காகச் சென்னை போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். இதை ஒரு போன் போட்டுச் சொல்ல ஆள் இல்லையா? மாலை நாலு மணி வரை உட்கார வைத்து, "வாட்டர் வாஷ் பண்ணிட்டோம் சார்" என்று சாவியைக் கையில் கொடுத்தார்கள்.

உங்கள் சர்வீஸ் அட்வைசர் ஒருவர், என் மனைவியும் பக்கத்தில் நிற்கும்போது, செல்போனிலிருந்து கண்ணைக்கூட எடுக்காமல் சொன்னார்: "இவ்ளோ விலை குடுத்து வாங்கிட்டு ஷெட்லயே நிறுத்தி வெச்சா அப்படித்தான் சார் ஆகும். டெய்லி ஓட்டுங்க." எனக்கு வயது 58. முப்பது வருடமாக அரிசி வியாபாரம் செய்கிறேன். என் கடைக்கு ஒரு கிலோ வாங்க வருகிறவரிடம்கூட நான் இப்படிப் பேசியதில்லை. 78 லட்சம் கொடுத்தவன் வண்டியை மூன்று நாள் வீட்டில் நிறுத்தக்கூடாதா? அப்படியொரு விதி உங்கள் கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

தயவுசெய்து கோபமாக எழுதுகிறேன் என்று ஒதுக்கிவிடாதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள்.

என் மகனுக்குத் தூத்துக்குடியில் நிச்சயதார்த்தம். முந்தின இரவே பட்டுப்புடவை, வெற்றிலை பாக்கு, பழத்தட்டு எல்லாவற்றையும் டிக்கியில் வைத்துவிட்டோம். காலை ஐந்து மணிக்கு வண்டியில் உயிரே இல்லை. ரிமோட்டுக்குள் இருக்கும் சின்னச் சாவியை எடுத்து முன்கதவைத் திறந்தோம். டிக்கி திறக்க கரண்ட் வேண்டும், ஆனால் பேட்டரியே டிக்கிக்குள்தான் இருக்கிறது. கடைசியில் பின்சீட்டை மடக்கி, மாப்பிள்ளையே பட்டு வேட்டியோடு உள்ளே ஊர்ந்து போய்த் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். ரோட்சைடு அசிஸ்டன்ஸ் ஆள் ஏழரைக்கு வந்தார். பானட்டுக்குள், வெளி பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து ஜம்ப் செய்யும் முனை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை, கையேட்டைப் பிரித்து நான்தான் காட்டினேன். நல்ல நேரம் தப்பிவிட்டது. சம்பந்தி வீட்டில் தலைகுனிந்து நின்றேன். உங்கள் கம்பெனியையே எழுதிக் கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது. இந்த அலைச்சலில் என் வியாபாரமும் பாதியாகப் படுத்துவிட்டது.

அப்புறம்தான் பாளையங்கோட்டையில் பேட்டரி கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். டிக்கியைத் திறந்தபடி வைத்து, அது மூடியிருப்பதாக வண்டி நினைக்கட்டும் என்று பூட்டின் கொக்கியை ஸ்குரூடிரைவரால் மடக்கிவிட்டு வண்டியைப் பூட்டினார். எல்லாம் அணைந்து அடங்கட்டும் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்து மீட்டரைப் போட்டார். சும்மா நிற்கும் வண்டி 0.6 ஆம்பியர் கரண்ட் இழுப்பதாகக் காட்டியது. 0.05-க்குள் இருக்க வேண்டியது. அப்படியென்றால் ஒரு நாளைக்கு 14 ஆம்பியர்-மணிக்கு (Ah) மேல் போகிறது, 80 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளில் பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். டிக்கி மாட்யூலின் ஃபியூஸை எடுத்ததும் மீட்டர் 0.04-க்கு இறங்கியது. கார்பெட்டைத் தூக்கினால் இடது பக்கக் குழியில் ஒரு டம்ளர் தண்ணீர். கனெக்டர் பின்கள் பச்சை பூத்துக் கிடந்தன. சன்ரூஃபின் பின்மூலை வடிகுழாயில் வேப்பம்பூவும் தூசியும் அடைத்து, மழைத்தண்ணீர் வழிந்து உள்ளே இறங்கியிருக்கிறது. நீங்கள் வாட்டர் வாஷ் செய்த தண்ணீரும் அங்கேதான் போயிருக்கும். "வாரண்டி இருக்கு, நான் கை வைக்க மாட்டேன், போட்டோ மட்டும் எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி எல்லாவற்றையும் பழையபடி மூடிவைத்தார்.

அவர் இரண்டு மணி நேரத்தில் கண்டதை உங்கள் ஆட்கள் பதினோரு மாதத்தில் காணவில்லை. வேப்ப மரம் இல்லாத தெரு எங்கள் ஊரில் ஏது? வருடா வருடம் சர்வீஸுக்குப் பணம் வாங்குகிறீர்களே, ஒரு தடவையாவது அந்தக் குழாயைப் பார்த்தார்களா?

போட்டோக்களோடு ஐந்தாவது முறை வந்தபோது, வெளி ஆள் பிரித்துவிட்டார், வாரண்டி செல்லாது என்றார்கள். ஃபியூஸ் எடுப்பது எப்படி என்று படம் போட்டுக் காட்டியிருப்பது உங்கள் கையேடுதான். மூன்று வருட வாரண்டியில் இன்னும் பதினான்கு மாதம் பாக்கி இருக்கிறது.

உங்கள் வண்டி மீது எனக்கு வெறுப்பு இல்லை. ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன். அந்த மாட்யூலையும் வயரிங்கையும் செலவில்லாமல் மாற்றி, குழாய்களைச் சுத்தம் செய்து, 42,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். வண்டியை நீங்களே வந்து எடுத்துப் போங்கள், இனி மதுரைக்கு நான் ஓட்டி வர மாட்டேன். அந்த அட்வைசர் என் மனைவிக்கு எழுத்தில் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பதினைந்து நாள் காத்திருப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். கொடுத்த விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வழக்கு நேராக மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் தயாராக இருக்கிறது, நான் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை