ரெசிடென்சி நேர்முகத்துக்குத் தயாராகும் மகளுக்கு

பெரம்பூர், சென்னை.

அன்பு மகளுக்கு,

அமெரிக்காவில் ரெசிடென்சி என்னும் மருத்துவ மேற்பயிற்சிக்கான இணையவழி நேர்முக அழைப்புகள் உனக்கு வரத் தொடங்கிவிட்டன என்றும், அந்த நாளுக்கு எப்படித் தயாராவது என்று தெரியாமல் நீ பாடப் புத்தகங்களை மறுபடியும் புரட்டிக்கொண்டிருக்கிறாய் என்றும் அம்மா சொன்னாள். தொலைபேசியில் பேசினால் அப்பா வகுப்பெடுக்கிறார் என்பாய். கோயம்புத்தூரில் உனக்கு இரவுப் பணியும் இருக்கிறது. ஓய்வு கிடைக்கும்போது படித்துக்கொள் என்றுதான் எழுத்தில் அனுப்புகிறேன்.

முதலில் அந்தப் புத்தகங்களை மூடி வை. அழைப்பு அனுப்பியவர்கள் உன் மதிப்பெண்களையும் பரிந்துரைக் கடிதங்களையும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள்; பாடம் தெரிந்தவளா என்ற கேள்விக்கு அவர்களுக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. இனி அவர்கள் அறிய விரும்புவது, இன்டர்னல் மெடிசின் என்ற பொது மருத்துவப் பயிற்சியின் மூன்று ஆண்டுகளும் இவளோடு ஒரே வார்டில் வேலை செய்ய முடியுமா, நள்ளிரவில் நோயாளியின் நிலை மோசமானால் மூத்தவரை எழுப்புவாளா அல்லது தயங்கி நின்றுவிடுவாளா, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு இருக்கிறதா என்பவற்றைத்தான். அதே நாளில் நீ அறிந்துகொள்ள வேண்டியவையும் அதே அளவுக்கு இருக்கின்றன. அதை நீ மறந்துவிடுவாய் என்பதுதான் என் கவலை.

நம் ஊரில் இப்படிப்பட்ட நேர்முகத்துக்குப் பழக்கமே இல்லை. நீட் பி.ஜி. ரேங்க் வந்ததும் கவுன்சலிங்கில் இருக்கும் இடங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். நீ யார், ஏன் இந்தத் துறை என்று ஒருவரும் கேட்பதில்லை. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் வைவா என்ற வாய்மொழித் தேர்வுதான். எம்.டி. தேர்வுகளில் எக்ஸாமினராக உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: நன்றாகப் படித்த பிள்ளைகள்கூடக் கேட்டதற்கு மட்டும் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு, அடுத்த அடி எங்கிருந்து விழும் என்பதுபோல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்று ஒருவர் கேட்கும்போது, அந்தப் பழக்கத்தில் பெயர், ஊர், கல்லூரி என்று முடித்துவிட்டால், உரையாடல் அந்த இடத்திலேயே நின்றுபோகும். அவர் ஒரு சரியான விடையை மனதில் வைத்துக்கொண்டு கேட்கவில்லை; நீ எதை முக்கியமென்று எடுத்துச் சொல்கிறாய் என்பதைத்தான் கவனிக்கிறார்.

அதனால் பதில்களை மனப்பாடம் செய்யாதே. உன் அனுபவத்திலிருந்து ஐந்தாறு சம்பவங்களைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள். ஸ்டான்லியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, மழைக்காலத்துக் காய்ச்சல் வார்டைப் பற்றி நீ வீட்டில் வந்து சொன்னவை எனக்கு நினைவிருக்கின்றன. டெங்குவில் காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது என்பதை ஏற்க மறுத்து, பையனுக்கு உடம்பு குளிர்ந்துவிட்டது, வீட்டுக்கு அழைத்துப் போகிறோம் என்று ஒரு தாய் நின்றதையும், பிளேட்லெட் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, உடனே ஏற்றுங்கள் என்று பக்கத்துக் கட்டிலின் உறவினர்கள் சண்டையிட்டதையும் சொன்னாய். ரத்தக்கசிவு இல்லாத நிலையில் அந்த எண்ணைவிட ரத்தம் கெட்டியாவதைக் காட்டும் ஹெமட்டோக்ரிட் ஏறிவருவதும், மேல் கீழ் ரத்த அழுத்தங்களுக்கு இடையிலான பல்ஸ் பிரஷர் குறுகிவருவதும்தான் உன்னைப் பயமுறுத்தின என்றும், பப்பாளி இலைச் சாற்றையும் நிலவேம்புக் குடிநீரையும் பற்றிக் கேட்டவர்களை ஏளனம் செய்யாமல், அவர்கள் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து எத்தனை டம்ளர் நீர் உள்ளே போயிற்று, எத்தனை முறை சிறுநீர் போயிற்று என்று குறிக்க வைத்தாய் என்றும் சொன்னாய். உன்னை நேர்காணல் செய்பவர்களில் பலர் ஒரு டெங்கு நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த ஒரே சம்பவத்தில் உன் மருத்துவ அறிவு, குடும்பத்தாரிடம் பேசும் விதம், ஆள் பற்றாக்குறையைச் சமாளித்த முறை எல்லாம் அடங்கியிருக்கின்றன. ‘கடினமான நோயாளியைப் பற்றிச் சொல்’ என்றாலும், ‘உன் யோசனையால் மாறிய ஒன்றைச் சொல்’ என்றாலும் இதையே வேறு வேறு முனையிலிருந்து எடுத்துச் சொல்லலாம். நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் மட்டும் சொல்லிவிடாதே. நம் வார்டுகளின் கூட்டத்தையும் குறைகளையும் விவரித்து இரக்கம் தேடவும் வேண்டாம்.

உன் குறை என்ன என்றும், நீ செய்த தவறு என்ன என்றும் நிச்சயம் கேட்பார்கள். ‘நான் அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் குறை’ என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது. உண்மையில் நடந்த ஒன்றைச் சொல், யாரிடம் உடனே தெரிவித்தாய் என்பதைச் சொல், அதன் பிறகு உன் வேலைமுறையில் எதை மாற்றினாய் என்பதில் அதிக நேரம் செலவிடு. படிப்பு முடித்த ஆண்டுக்கும் விண்ணப்பித்த ஆண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் கேட்டால், தேர்வுக்குப் படித்தேன், கோவையில் டியூட்டி டாக்டராக வேலை பார்த்தேன் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடு. ஈராஸ் என்ற இணைய அமைப்பில் நீ அனுப்பிய விண்ணப்பத்தை அச்செடுத்து ஒருமுறை வரிவரியாகப் படி. அதில் நீ எழுதிய எதையும் அவர்கள் கேட்கலாம். பொழுதுபோக்கு என்ற இடத்தில் வீணை என்று எழுதியிருக்கிறாய், கடைசியாக எப்போது தொட்டாய் என்று நானே கேட்கலாம் போலிருக்கிறது.

அமெரிக்க உச்சரிப்பை வரவழைக்க முயலாதே. உன் ஆங்கிலம் போதும். பதற்றத்தில் வேகம் கூடிவிடும், அதை மட்டும் குறைத்துக்கொள்.

இனி, நீ கேட்க வேண்டியவை. ‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா’ என்று ஒவ்வொருவரும் கடைசியில் கேட்பார்கள். இல்லை, நன்றி என்று சொல்வது மரியாதை என்று நம் வளர்ப்பு நினைக்கும், அவர்களோ உனக்கு அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். கேஸ் ஹிஸ்டரி எடுப்பதுபோல், ஒருவர் சொன்னதை வைத்து அடுத்தவரிடம் கேள். பயிற்சியை நடத்தும் புரோகிராம் டைரக்டரிடம், கடந்த ஆண்டு ரெசிடென்ட்கள் (அங்கே பயிற்சி பெறும் மருத்துவர்கள்) குறை சொல்லி நீங்கள் மாற்றியது எது என்று கேட்டால், அவர் கொடுக்கும் பதிலிலிருந்து அந்த இடத்தில் இளையவர்களின் பேச்சுக்கு மதிப்பு உண்டா என்பது தெரிந்துவிடும். அதே கேள்வியை ரெசிடென்ட்களிடமும் கேட்டு, இரண்டு பதில்களும் பொருந்துகின்றனவா என்று பார். வேலை நேரத்துக்கு அங்கே விதி இருக்கிறது: நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக 24 மணி நேரமும் அதன் பிறகு பொறுப்பை ஒப்படைக்க அதிகபட்சம் நான்கு மணி நேரமும்தான், சராசரியாக ஏழு நாளில் ஒரு நாள் முழு விடுப்பு. எங்கும் ஒரே விதிதான் என்பதால் ‘எத்தனை மணி நேரம்’ என்று கேட்பதில் பயனில்லை. இரவில் முதலாண்டு ரெசிடென்டான ஓர் இன்டர்ன் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார், மூத்தவர் அதே கட்டடத்தில் இருக்கிறாரா, நோயாளி மோசமான கடைசி இரவில் யார் வந்தார்கள் என்று கேள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், முடித்தவர்கள் எந்தச் சிறப்புத் துறையின் ஃபெலோஷிப் பயிற்சிக்குப் போனார்கள் என்பவையும் தெரிய வேண்டும். விசாவைப் பற்றிய கேள்வியை டைரக்டரிடம் எடுக்காமல் அலுவலக வேலைகளைப் பார்க்கும் கோஆர்டினேட்டருக்கு மின்னஞ்சலில் அனுப்பு. ஜே-1 விசா என்றால், வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்குத் தகுதிச் சான்று தரும் இ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பு ஸ்பான்சர் செய்யும், ஆனால் பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் நம் நாட்டில் இருக்க வேண்டும் அல்லது விலக்குப் பெற வேண்டும். எச்-1பி வேலை விசா என்றால் ஸ்டெப் 3 என்ற உரிமத் தேர்வை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். அந்தக் கோஆர்டினேட்டரிடம் பேசும் தொனியும் கணக்கில் வரும். என்னிடம் படித்து இப்போது அங்கே பேராசிரியர்களாக இருப்பவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது இது.

முந்தைய மாலை ரெசிடென்ட்கள் மட்டும் கலந்துகொள்ளும் சந்திப்பு ஒன்றைப் பல இடங்களில் வைக்கிறார்கள். மதிப்பெண் கிடையாது என்பார்கள். போகாமல் இருக்காதே, அங்கேதான் உண்மை வெளிவரும். ஆனால் அதிலும் நீ பேசியது மறுநாள் காதுக்குக் காது போகும் என்பதை மறக்காதே. நியூயார்க் நேரப்படி மாலை ஏழு மணிச் சந்திப்பு, குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் விடிகாலை ஐந்தரை. மார்கழியில் தெருக்கோடிக் கோயில் ஒலிபெருக்கி அதற்கு முன்பே தொடங்கிவிடும், அதனால் ஜன்னலை மூடிவிடு.

நேரக் கணக்கில் மிகக் கவனமாக இரு. அவர்கள் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், நாம் மாற்றுவதில்லை. அதனால் கிழக்குக் கடற்கரையில் காலை எட்டு மணி என்பது அக்டோபரில் நமக்கு மாலை ஐந்தரை, அதற்குப் பிறகு ஆறரை. கலிஃபோர்னியாவில் காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் குளிர்காலத்தில் நமக்கு இரவு ஒன்பதரை, முடியும்போது அதிகாலை இரண்டைத் தாண்டியிருக்கும். அன்று பகலில் டியூட்டி போடச் சொல்லாதே. இந்தக் காலம் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலமும்கூட. பெரம்பூர் வீட்டில் நேர்முகம் வைத்துக்கொள்வதானால் மாடி அறையில் இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கிறது, அம்மாவின் போனில் வேறு நிறுவனத்தின் ஹாட்ஸ்பாட் இருக்கிறது, மோடத்துக்கும் மின்சாரம் தடைபடாமல் பார்த்துக்கொள்கிறேன். தீபாவளியை ஒட்டிய தேதி மட்டும் வேண்டாம். வெடிச் சத்தத்தில் புரோகிராம் டைரக்டர் பயந்துபோவார். புடவையா கோட்டா என்று அம்மாவும் நீயும் வாதிட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்வி. எதை அணிந்தால் அதை நீ மறந்துவிடுவாயோ அதை அணி; என் ஓட்டு புடவைக்கு.

சில கேள்விகளை அவர்கள் கேட்கக் கூடாது. திருமணம், குழந்தை, மதம், வயது ஆகியவற்றையும், வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறாய், எங்களை எத்தனையாவதாக வைப்பாய் என்பதையும் கேட்பதை, இரு தரப்பின் விருப்பப் பட்டியல்களையும் பொருத்தி இடம் ஒதுக்கும் என்.ஆர்.எம்.பி. அமைப்பின் விதிகள் தடுக்கின்றன. நம் உறவினர்கள் இவை அனைத்தையும் காபி வருவதற்குள் கேட்டு முடித்துவிடுவார்கள் என்பதால் உனக்கு அது தவறாகவே தோன்றாமல் போகலாம். யாராவது கேட்டுவிட்டால் முகம் சுளிக்காமல், ‘பயிற்சியை முழுமையாகச் செய்வதற்கு எனக்குத் தடை எதுவும் இல்லை’ என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போ. அதுபோலவே, உங்களைத்தான் முதலிடத்தில் வைக்கிறேன் என்று ஓர் இடத்துக்கு மேல் எழுதாதே. அவர்கள் எழுதும் இனிப்பான மின்னஞ்சலை நம்பி எதையும் முடிவு செய்யவும் வேண்டாம்.

ஒவ்வொரு நேர்முகமும் முடிந்ததும், தூங்கப் போவதற்கு முன், அரைப் பக்கம் எழுதி வை. யார் என்ன சொன்னார்கள், ரெசிடென்ட்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொண்டார்கள், எந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒரு கணம் மௌனமானார்கள் என்பவற்றை எழுது. அழகான மருத்துவமனைப் படங்கள் இணையத்தில் கிடைக்கும், அவற்றைக் குறிக்க வேண்டாம். பிப்ரவரியில் என்.ஆர்.எம்.பி.க்கு உன் விருப்பப் பட்டியல் போட உட்காரும்போது எல்லா இடமும் ஒன்றுபோலத் தோன்றும்; அன்று இந்தக் குறிப்புகளைத் தவிர உனக்கு வேறு துணை இருக்காது. பட்டியலில் ‘எனக்குக் கிடைக்கக்கூடியது’ என்று கணக்குப் போட்டு மேலே வைக்காதே, விரும்பும் வரிசையிலேயே வை. 1998 முதல், மேட்ச் எனப்படும் அந்தப் பொருத்தும் முறை விண்ணப்பிப்பவரின் விருப்பத்திலிருந்து தொடங்கும்படி மாற்றப்பட்டிருக்கிறது. எட்டாத இடத்தை முதலில் எழுதியதால் இரண்டாவது இடத்தில் உன் வாய்ப்பு குறைவதில்லை. அதை மாற்றியமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத்துக்கு, இத்தகைய பொருத்தங்களின் கணிதத்துக்கு அடித்தளமிட்ட லாய்ட் ஷேப்லியோடு சேர்த்து 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. நோபல் பெற்ற இரண்டு அறிஞர்களின் கணக்கை உன் சித்தப்பாவின் ஊகத்துக்காக விட்டுவிடாதே.

உன் நேர்முகத் தேதிகளையும் இந்திய நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு. நானும் தனியாகக் கணக்கிட்டு ஒத்துப்பார்க்கிறேன். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஜூமில் அழைக்கிறேன், ஈராஸ் அச்சுப் பிரதி கையில் இருக்கட்டும். அரை மணி நேரம் நான் புரோகிராம் டைரக்டர், நீ என்னை ‘அப்பா’ என்று கூப்பிடக் கூடாது. கடைசிப் பத்து நிமிடம் நீ என்னைக் கேள்வி கேட்க வேண்டும், குறைந்தது மூன்று கேள்வி.

அன்புடன்,
அப்பா