விண்கல் செய்தியில் நம் ஊர் நேரத்தையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் பிறந்தால் சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்குகளில் தேசிய தினக் கொடி ஏறுவதோடு, "இன்றிரவு விண்கல் மழை, மணிக்கு நூறு" என்ற செய்தியும் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவ ஆரம்பித்துவிடும். இந்த வாரம் மட்டும் எனக்கு நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் என் சம்பந்தி. நான் பதினைந்து வருடமாக எரிநட்சத்திரம் எண்ணிக்கொண்டிருப்பவன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அனுப்புவார்.

அந்தச் செய்தியை நம்பி ஏமாந்த ஒரு குடும்பத்தை நேரில் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. பேரனும் நானும் சாங்கி கடற்கரைப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தது. ஏழரைக்கே வந்துவிட்டார்களாம். மூன்று பிள்ளைகள். கடைக்குட்டிப் பெண் அப்பா தோளிலேயே தூங்கிவிட்டாள். "நூறுன்னு போட்டிருந்தாங்க அங்கிள், ஒண்ணுகூட விழல. விமானம்தான் வரிசையா போகுது" என்றார் அந்தத் தம்பி. "இன்னும் ஆரம்பிக்கவே இல்ல தம்பி, ஒரு மணிக்கு மேலதான்" என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பெரியவருக்கு வேறு வேலை இல்லை என்பது தெளிவாக எழுதியிருந்தது. கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள்மேல் தப்பே இல்லை. அந்தச் செய்தி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதியது. கோடை இரவு, புல்வெளி, போர்வை என்று அவர்கள் ஊருக்கு அது சரி. இந்த எரிநட்சத்திரங்கள் எல்லாம் பெர்சியஸ் விண்மீன் கூட்டத்திலிருந்து சிதறி வருவதுபோல் தெரியும். லண்டனில் பெர்சியஸின் அந்தப் பகுதி அடிவானத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை, இருட்டியதும் பார்க்க ஆரம்பிக்கலாம். நமக்கோ பூமத்திய ரேகைக்கு ஒண்ணேகால் டிகிரிதான் தூரம். இங்கே அது வடகிழக்கில் எழும்போதே பின்னிரவு மணி 12.40 ஆகிவிடும். போதாததற்கு, 1982 ஜனவரி 1ஆம் தேதி நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினோமே, வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அதனால் ஆகஸ்டில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணிக்கு மேல். உண்மையான நடுநிசியும் அப்படித்தான், ஒரு மணி தாண்டி.

நடுநிசிக்குப் பிறகு ஏன் அதிகம் என்று பேரன் கேட்டான். இருபத்தெட்டு வருடம் டாக்சி ஓட்டியவன் நான், எனக்குத் தெரிந்த வகையில் சொன்னேன். தீவு விரைவுச்சாலையில் மழையில் போனால் முன்கண்ணாடியில்தான் சடசடவென்று அடிக்கும், பின்கண்ணாடியில் அவ்வளவு இராது. பூமியும் ஓடுகிற வண்டிதான். நடுநிசிக்குப் பிறகு நாம் முன்கண்ணாடிப் பக்கம் வந்துவிடுகிறோம். எதிரே வருவது சுவிஃப்ட்-டட்டில் என்ற வால்நட்சத்திரம் உதிர்த்துப் போன தூசி. அது சுமார் 133 வருடத்துக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வரும், கடைசியாக வந்தது 1992இல். தூசியின் வேகம் வினாடிக்கு 59 கிலோமீட்டர். நான் ஓட்டியது மணிக்கு 90தான், அதற்கே கேமரா.

அடுத்து அந்த "நூறு". எரிநட்சத்திரம் புறப்படும் இடம் நேர் உச்சியில், வானம் கும்மிருட்டு, மேகமே இல்லை என்றால் ஒருவர் கண்ணுக்கு எத்தனை தெரியும் என்று போடும் கணக்கு அது. நமக்குப் பெர்சியஸ் எவ்வளவு ஏறினாலும் வடக்கே 33 டிகிரிதான். அதிலேயே பாதி போயிற்று. மீதியை நம் விளக்குகள் தின்றுவிடும். 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தில் நம் நாட்டுக்குத்தான் முதலிடம். இந்த ஒரு முதலிடத்துக்கு மட்டும் யாரும் பதாகை கட்டவில்லை.

வானம் எப்படி என்று பார்க்க நான் கருவி எதுவும் வைத்துக்கொள்வதில்லை. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைத்தான் எண்ணுவேன். ஊரில் அப்பத்தா ஆறு காட்டுவார். சாங்கியில் கண்ணை இடுக்கினால் நாலு. அப்படிப்பட்ட வானத்தில் ஏழு எரிநட்சத்திரத்துக்கு ஒன்றுதான் தெரியும். ஆக நூறு ஐம்பதாகி, ஐம்பது ஏழாகிறது. மணிக்கு ஏழு, மேகம் விட்டால்.

அன்று மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை ஒன்பது பார்த்தோம். நோட்டில் இருக்கிறது. 4.37க்கு வந்ததுதான் ராஜா. ஜொகூர்க் கரை விளக்குகளுக்கு மேலே, கப்பெல்லா என்ற பிரகாசமான விண்மீனை உரசுவதுபோல் மஞ்சளாக ஒரு கோடு. போன பிறகும் அதன் தடம் சாம்பல் பூசினாற்போல் இரண்டு வினாடி நின்றது. பேரன் வாயைத் திறந்தபடி இருந்தான், பிறகு "தாத்தா, எழுதுங்க, எழுதுங்க" என்று என் தொடையில் அடித்தான். எனக்கோ சின்ன வயதுப் பழக்கம் விடவில்லை. எரிநட்சத்திரம் விழுந்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்கணும் என்பார் அப்பத்தா. நேரம் எழுதுமுன் தலை தானாகப் பின்னால் இருந்த மரத்தின் பக்கம் திரும்பிவிட்டது. ஐந்து வினாடி தப்பாக எழுதியிருப்பேன்.

எல்லா வருடமும் இப்படி அமையாது. ஒரு வருடம் நாலு மணிக்குச் சுமத்ரா காற்று அடித்து, பாய் பறந்து, காருக்குள் உட்கார்ந்து கோப்பி குடித்துவிட்டு வந்தோம். போன வருடம் நிலா கெடுத்தது.

இந்த வருடம், 2026இல், அந்தத் தொல்லை இல்லை. ஆகஸ்ட் 12 ஆடி அமாவாசை. நம் நேரப்படி அன்று பின்னிரவு இரண்டு மணியை ஒட்டி ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கம் முழுச் சூரிய கிரகணமே நடக்கிறது, நிலா அங்கே சூரியனோடு இருக்கிறது. (பேய்கள் உலவும் என்று சீனர்கள் நம்பும் சீன ஏழாம் மாதமும் 13ஆம் தேதிதான் பிறக்கிறது. வழக்கமாக என்னோடு வரும் பழைய டாக்சி நண்பர், அந்த இரவில் கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.)

ஆகவே ஆசிரியர் அவர்களே, இந்தச் செய்தியைப் போடும்போது இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். சிங்கப்பூரில் பார்க்க வேண்டிய நேரம் 13ஆம் தேதி அதிகாலை மூன்றிலிருந்து ஐந்தரை, முடியாதவர்களுக்கு 14. எதிர்பார்க்க வேண்டியது நூறு அல்ல, ஐந்தாறு. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் பிடிக்கும், இடையில் கைப்பேசியைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து என்பதற்கும் இடம் இருந்தால் நல்லது. டிசம்பர் 14ஐ ஒட்டி வரும் ஜெமினிட் விண்கல் மழை நமக்கு இன்னும் வசதி, இரவு பத்து மணிக்கே பார்க்கலாம். என்ன, அது மழைக்காலம்.

அந்தக் குடும்பம் இதைப் படித்தால், கடைக்குட்டிக்கு இப்போது விழித்திருக்கும் வயது வந்திருக்கும். 13ஆம் தேதி வியாழக்கிழமை, பள்ளி நாள். அதற்கு மட்டும் என்னிடம் வழி இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர்,
பிடோக் நார்த்