டோக்கியோ போகும்முன்: முதலில் சாற்றைக் கேள்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள கண்ணம்மா,

இங்கே பாவ்பாஜி வண்டியில் "ஜெயின்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், வெங்காயமும் பூண்டும் உருளைக்கிழங்கும் விலகிவிடும். பாக்கெட்டைத் திருப்பினால் சைவம் என்று பச்சைப் புள்ளி. டோக்கியோவில் இரண்டும் கிடையாது.

"நிகு வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காராதே. நிகு என்றால் இறைச்சி. மீன் அதில் சேராது. 675-ல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி தின்னத் தடை போட்டபோதே மீன் தின்பதைத் தடுக்கவில்லை. 1872-ல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்ட செய்தி பரவியது; அதற்கு முன்னும் பின்னும் மீன் அங்கே அன்றாடச் சாப்பாடுதான்.

தட்டில் தெரிகிற துண்டை நீயே ஒதுக்கிவிடுவாய். தெரியாமல் வருவது தாஷி என்ற அடிச்சாறு. கட்சுவோ என்னும் சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, காயவைத்து, மரச்சீவல் மாதிரி சீவி, வெந்நீரில் போட்டு வடிப்பார்கள். மிசோ சூப், ஊதோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்), சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த பூசணி, நாட்டோவோடு (புளிக்கவைத்த சோயா) வரும் குட்டி சாஸ் பொட்டலம், எல்லாவற்றிலும் பெரும்பாலும் அதுதான். "கட்சுவோ தாஷி ஹைத்தே இமாஸ் கா?" என்று கேள். ஆமாம் என்றால் எடுத்துவிடச் சொல்லிப் பயனில்லை, சாறு முன்பே காய்ச்சியாகிவிட்டது. வேறு கேட்டுக்கொள்.

பாக்கெட்டில் ஒவ்வாமைப் பட்டியலை நம்பாதே. முட்டை, பால், இறால், நண்டு எல்லாம் அதில் வரும், கட்சுவோ வராது. சேர்மானங்களை முழுக்கப் படி. "எகிசு" என்று முடிந்தால் பிழிசாறு, எதனுடையது என்று பார். கடையில் விற்கும், குழம்புக்குக் கரைக்கிற "கறி" (curry) கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும்.

நம் "ஜெயினு"க்குப் பக்கத்தில் வருகிற சொல் ஒன்று உண்டு: ஷோஜின். பௌத்த மடத்துச் சமையல்; மீனும் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. கோயாசான் மலை மடங்களில் தங்கினால் அதைத்தான் பரிமாறுவார்கள்.

வீட்டில் தாஷியை நீயே செய்துகொள்ளலாம். 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு (காய்ந்த கடற்பாசித் தகடு), 3 காய்ந்த ஷீதாகே காளான், ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில். காலையில் காளானை எடுத்துவிட்டுச் சிறுதீயில் வை. ஓரத்தில் பொடிக் குமிழ் கட்டும்போதே கொம்பையும் எடுத்துவிடு. கொதித்தால் வழவழத்துக் கசக்கும். கொம்பின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பூஞ்சணம் என்று கழுவிவிடாதே, ருசி அதிலும் இருக்கிறது. ஈரத்துணியால் தூசியை மட்டும் துடை. 1908-ல் வேதியியலாளர் இகேதா கிகுனாயே அந்த ருசிக்குக் காரணமான குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தது இந்தக் கொம்பிலிருந்துதான். இதில் ரசம் வைத்துப் பார், பருப்பு பாதி போட்டாலும் போதும்.

பொரியலுக்குக் கெட்டியான "மொமென்" டோஃபு (சோயா பன்னீர்) வாங்கு, மெதுவான "கினு" உடைந்துவிடும். அந்த ஊர்க் குட்டை அரிசி ஒட்டும். தயிர்சாதத்துக்கு அருமை, புளியோதரைக்கு ஆகாது. தயிரில் ஜெலட்டின் இருக்கிறதா பார். துவரம்பருப்பு, டோக்கியோவில் நம்மவர்கள் நிறைய இருக்கும் நிஷி காசாயில் கிடைக்கும்.

மிக்ஸி வேண்டாம். அங்கே 100 வோல்ட், நம் 230 வோல்ட் மோட்டார் திணறும். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி அரைக்கக் கொடுத்தாயிற்று. பெட்டியில் 3 கிலோவுக்கு இடம் விட்டு அடுக்கு.

அப்பா